டைமிங் பெல்ட் அறுந்த பிறகு: எந்தச் சோதனையை நம்பலாம்?

பிஸ்டன்களோடு சுற்றும் கிராங்கையும், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டையும் இணைப்பதுதான் டைமிங் பெல்ட். ஓடும்போது அது அறுந்தால் கேம் ஷாஃப்ட் அப்படியே நின்றுவிடும், கிராங்க் மட்டும் இன்னும் சில சுற்று சுற்றும். அந்த நேரத்தில் எந்த வால்வு திறந்து கிடக்கிறதோ அதன்மேல் பிஸ்டன் வந்து இடிக்கும். இடிக்கவே வாய்ப்பில்லாதபடி இடைவெளி விட்டு அமைத்த இன்ஜின்களும் உண்டு. உங்களுடையது எந்த ரகம் என்று முதலில் சர்வீஸ் கையேட்டில் பாருங்கள். இடிக்காத ரகமென்றால் புது பெல்ட் போட்டால் போதும். மற்றவர்கள் ஒன்று செய்யக் கூடாது: சந்தேகத்தில் மறுபடி மறுபடி செல்ஃப் அடிப்பது. தப்பித்த வால்வும் அதில் வளையும்.

பலரும் முதலில் சொல்லும் வழி, 'பெல்ட்டைப் போட்டு ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போம்' என்பது. ஐட்லிங்கிலோ ஸ்டார்ட் செய்யும்போதோ அறுந்திருந்தால் சில சமயம் இது பலிக்கும். பலிக்காவிட்டால் பெல்ட் மாற்றிய கூலி வீண். அதைவிடப் பெரிய ஆபத்து வேறு: அடிபட்ட வால்வின் தலை ஓடும்போது முறிந்து உள்ளே விழுந்தால் பிஸ்டனும் போகும், ஹெட்டும் (வால்வுகள் இருக்கும் மேல் பகுதி) போகும். எனக்கு இந்த வழி பிடிக்காது.

அதையே கொஞ்சம் நிதானமாகச் செய்வது கம்ப்ரஷன் டெஸ்ட். பெல்ட்டைப் போட்டு, கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, எங்கும் தட்டவில்லை என்றால் பிளக் துளையில் அழுத்தம் அளக்கும் கேஜ் வைக்கலாம். நல்ல பெட்ரோல் இன்ஜினில் பொதுவாக 10 முதல் 14 பார் வரை காட்டும். வால்வு வளைந்த சிலிண்டரில் முள் சரியாக எழும்பாது. ஆனால் காற்று எந்த வழியாகப் போகிறது என்று சொல்லாது. கேம் சுற்றினால்தான் சோதிக்க முடியும் என்பதால் பெல்ட்டும் அவசியம்.

போர்ஸ்கோப் (முனையில் சின்ன கேமரா உள்ள குழாய்) இப்போது மலிவு. பிளக் துளை வழியாக விட்டால் கரி படிந்த பிஸ்டன் தலையில் பிறை வடிவத்தில் பளிச்சென்று ஒரு தடம் தெரியலாம். புதிதாகத் தெரியும் தடமென்றால் இடித்தது உறுதி. தடமே இல்லை என்றால்? அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மிகச் சிறிய வளைவு கேமராவுக்குத் தெரியாது, ஆனால் காற்றை விட்டுவிடும்.

என் ஓட்டு லீக்டவுன் டெஸ்ட்டுக்கு, அதாவது சிலிண்டருக்குள் காற்றை விட்டு எங்கே கசிகிறது என்று பார்ப்பதற்கு. பெல்ட் இல்லாமலே இதைச் செய்யலாம், அதுதான் இதன் பெரிய லாபம். சாதாரண நான்கு சிலிண்டர் இன்ஜினில் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கிராங்கை ஸ்பேனரால் மெதுவாகத் திருப்பி டிடிசிக்கு (பிஸ்டன் உச்சிக்கு வரும் நிலை) 90 டிகிரி முன்னால் நிறுத்தினால் நான்கு பிஸ்டனும் சிலிண்டரின் நடுவில் நிற்கும். வழியில் எங்கேயாவது தட்டினால் அழுத்தாமல் எதிர்ப்பக்கம் திருப்புங்கள். பிஸ்டன்கள் நடுவில் நிற்பதால் கேமைத் திருப்பினாலும் வால்வு அவற்றில் இடிக்காது. சோதிக்கும் சிலிண்டரின் எல்லா வால்வும் மூடும்படி கேமைத் திருப்பி, பிளக் துளையில் காற்று விட வேண்டும். வழக்கமான 7 பார் வேண்டாம், பாதி வழியில் நிற்கும் பிஸ்டனைக் காற்று கீழே தள்ளி கிராங்கைச் சுற்றிவிடும். 1 பார் போதும். வளைந்த வால்வு அதற்கே இரைந்து காட்டிக்கொடுக்கும்.

அப்புறம் காது வேலை. த்ராட்டில் பாடியில் (இன்ஜினுக்குக் காற்று நுழையும் வாய்) இரைந்தால் இன்டேக் வால்வு, சைலன்சர் முனையில் இரைந்தால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் ஊற்றும் வாயில் லேசாகக் காற்று வருவது ரிங் வழியாகக் கசிவது, எல்லா இன்ஜினிலும் கொஞ்சம் இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஹைட்ராலிக் டாப்பெட் (கேமுக்கும் வால்வுக்கும் இடையிலான இடைவெளியை ஆயில் அழுத்தத்தால் தானே நிரப்பும் பாகம்) உள்ளவற்றில் ஒரு சிக்கல் உண்டு: ஆயில் நிரம்பிய டாப்பெட் நல்ல வால்வையே கொஞ்சம் திறந்து வைத்திருக்கலாம். சிறிது நேரம் விட்டு மறுபடி பாருங்கள். ஹைட்ராலிக் அல்லாத இன்ஜினில் ஃபீலர் கேஜே (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) பாதி பதிலைச் சொல்லிவிடும். வளைந்த வால்வு முழுதாக மூடாமல் கீழே தொங்குவதால் அதற்கும் கேமுக்கும் இடையிலான இடைவெளி அளவுக்கு மீறிப் பெருத்திருக்கும்.

டீசலில் மட்டும் இந்த வரிசையை மாற்றுவேன். பல டீசல்களில் அடி விழும்போது முதலில் முறிவது ராக்கர் ஆர்ம் (கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும் கை). அது முறிந்ததும் வால்வு ஸ்பிரிங் வேகத்தில் மூடிக்கொள்ளும், லீக்டவுனில் சிலிண்டர் நன்றாகவே தெரியும். ஆகவே முதலில் மேல் மூடியைத் திறந்து ராக்கர்களையும் கேம் பேரிங் மூடிகளையும் பார்த்துவிட்டுத்தான் காற்று.

நேராக ஹெட்டைக் கழற்றுவது எப்போது சரி? நெடுஞ்சாலை வேகத்தில் அறுந்து, உள்ளே கடகடவென்று சத்தமும் கேட்டிருந்தால் சோதனைக்கு நேரம் செலவழிக்க வேண்டாம். ஒரே ஒரு சிலிண்டரில் கசிவு உறுதியானாலும் அப்படித்தான், ஹெட் எப்படியும் இறங்கப் போகிறது. கழற்றிய ஹெட்டைக் கவிழ்த்து, ஒவ்வொரு சேம்பரிலும் (வால்வுத் தலைகள் தெரியும் குழி) மண்ணெண்ணெய் ஊற்றிப் போர்ட்டில் (வால்வுக்குப் பின்னால் காற்று போகும் வழி) எட்டிப் பாருங்கள். எந்த வால்வு வழியாகச் சொட்டுகிறதோ அது மாற்ற வேண்டிய கணக்கில் சேரும். ஹெட் போல்ட்டுகளில் இழுபடும் வகை (இறுக்கும்போது சற்று நீண்டுவிடுபவை) இருந்தால் புதிதாகவே வாங்க வேண்டும்.

அறுந்த பெல்ட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஓரம் மட்டும் பிசிறியிருந்தால் ஏதோ ஒரு புல்லி சாய்ந்திருக்கிறது. ஓரிடத்தில் பற்கள் வரிசையாகச் சீவப்பட்டிருந்தால் வாட்டர் பம்ப்போ வேறு ஏதோ இறுகியிருக்கும். ஆயிலில் ஊறியிருந்தால் சீல் கசிகிறது. அதைச் சரிசெய்யாமல் மாட்டும் புது பெல்ட்டும் அதே இடத்தில்தான் போகும்.