அகாடமிக் வேர்ட் லிஸ்டும் அன்கி செயலியும்: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பிறகு

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டு ஆராய்ச்சிக்கு வருகிறவர்களை ஆங்கிலக் கட்டுரைகள் திணறடிப்பதற்குத் துறைச்சொற்கள் காரணமல்ல. குமரி மாவட்டக் கடலரிப்புதான் என் ஆய்வுப் பொருள். 'செடிமென்ட்' (படிவு), 'கிராயின்' போன்றவை சில வாரங்களில் பழகிவிட்டன. கிராயின் என்பது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல்தடுப்பு; நம் கடற்கரை ஊர்களில் குழந்தைகளுக்கும் தெரிந்த தூண்டில் வளைவுதானே! வாசிப்பைத் தடுத்தவை 'அட்ரிப்யூட்' (காரணமாகக் கூறு), 'இன்டர்பிரட்' (பொருள் விளக்கு), 'வேர்பை' (அதன் மூலம்), 'நாட்வித்ஸ்டேண்டிங்' (இருந்தபோதிலும்) வகைச் சொற்கள். எந்தத் துறைக் கட்டுரையிலும் இவை வரும்; எந்தத் துறை வகுப்பிலும் இவற்றைச் சொல்லித்தர மாட்டார்கள்.

இந்தச் சொற்களுக்கென்றே ஒரு பட்டியல் இருக்கிறது. நியூசிலாந்தின் வெலிங்டன் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் ஏவரில் காக்ஸ்ஹெட் உருவாக்கி 2000-இல் வெளியிட்ட அகாடமிக் வேர்ட் லிஸ்ட் அது. கலை, வணிகம், சட்டம், அறிவியல் ஆகிய நான்கு துறைகளிலிருந்து சுமார் 35 லட்சம் சொற்கள் கொண்ட எழுத்துகளைத் திரட்டி, அவற்றில் பரவலாக வருபவற்றைப் பிரித்தெடுத்திருக்கிறார். மொத்தம் 570 சொற்குடும்பங்கள் (ஒரே வேரிலிருந்து வரும் சொற்களின் தொகுதிகள்), பத்துப் பகுதிகள். அதிகம் புழங்குபவை முதல் பகுதியில். கல்விசார் எழுத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு சொல் இந்தப் பட்டியலைச் சேர்ந்தது. கதைகளிலும் நாவல்களிலும் இந்தப் பங்கு 1.4 சதவீதம்தான். நாவல் நிறையப் படித்தால் ஆங்கிலம் தானாக வரும் என்ற அறிவுரை ஆய்வு மாணவருக்கு ஏன் முழுதாக உதவுவதில்லை என்பது எனக்கு இந்த எண்ணைப் பார்த்த பிறகே விளங்கியது.

பட்டியலை மனத்தில் நிறுத்துவதற்கு நான் பயன்படுத்துவது அன்கி. ஒரு பக்கம் கேள்வியும் மறுபக்கம் விடையும் கொண்ட அட்டையை, நாம் மறக்கப்போகும் நேரத்தைக் கணித்துத் திரும்பக் காட்டும் செயலி இது. ஆண்ட்ராய்டிலும் கணினியிலும் இலவசம், ஐபோனில் கட்டணம் உண்டு. இணையம் இல்லாமலும் இயங்குவது எனக்குப் பெரிய வசதி. காலையில் குளச்சலிலிருந்து நாகர்கோவில் போகும் பஸ்ஸில், திங்கள்நகரில் கூட்டம் ஏறுவதற்குள் அன்றைய அட்டைகள் பெரும்பாலும் முடிந்துவிடும். 2023-இல் அன்கியில் சேர்க்கப்பட்ட எஃப்எஸ்ஆர்எஸ் என்ற புதிய கணிப்பு முறைக்கு மாறிய பிறகு, நன்றாகத் தெரிந்த சொற்கள் அடிக்கடி வந்து நேரத்தைத் தின்பது குறைந்திருக்கிறது.

ஆனால், இணையத்தில் கிடைக்கும் ஆயத்த அட்டைத் தொகுப்புகளை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு பக்கம் சொல், மறுபக்கம் பொருள் என்று இருப்பவை வாசிப்புக்கு ஓரளவு உதவும். எழுத உட்கார்ந்தால் கைகொடுக்காது. என் அட்டைகள் எல்லாம் நான் படித்த கட்டுரைகளின் வாக்கியங்களிலிருந்து செய்தவை. கரை பின்வாங்குவதற்குத் தூண்டில் வளைவுகள் காரணமெனக் கூறும் வாக்கியம் ஒன்று. அதில் 'அட்ரிப்யூட்டட்' இருந்த இடம் காலியாக இருக்கும்; அடுத்து 'டு' மட்டும் நிற்கும். அந்தக் காலியிடத்தை நிரப்பிப் பழகும்போது சொல்லோடு அதன் துணைச்சொல்லும், செயப்பாட்டு வினை அமைப்பும் சேர்ந்தே படிகின்றன. அட்டையின் பின்பக்கத்தில் குடும்பத்தின் மற்ற உறுப்பினர்களை எழுதி வைக்கிறேன்: அனலைஸ், அனாலிசிஸ், அனலிஸ்ட், அனலிட்டிகல். அட்டை தயாரிக்கும் வேலைதான் பாதிப் படிப்பு. அதைத் தவிர்க்க நினைப்பவர்களுக்கு இந்த முறை பயன்தராது.

வாசிப்பில் பலன் விரைவாகவே தெரிந்தது. அகராதியைத் திறக்காமல் ஒரு கட்டுரையின் முன்னுரையைக் கடக்க முடிந்தது. எழுத்தில் அந்த மாற்றம் வர ஓராண்டுக்கு மேல் ஆனது. இப்போது என் நெறியாளர் ஆய்வுச் சுருக்கத்தைத் திருத்தும்போது சொற்களில் கை வைப்பதில்லை, வாதத்தில்தான் கேள்வி கேட்கிறார். எனக்கு இது மிகப் பெரிய மகிழ்ச்சி.

பட்டியலில் குறைகளும் உண்டு. நான்கில் ஒரு பங்கு சட்ட நூல்களிலிருந்து எடுத்ததால், 'லெஜிஸ்லேட்' (சட்டமியற்று) முதல் பகுதியிலேயே வந்து நிற்கிறது. கடலரிப்பு படிப்பவருக்கு அதற்கு அவ்வளவு அவசரமில்லை. மைக்கேல் வெஸ்ட் 1953-இல் வெளியிட்ட அடிப்படைச் சொற்பட்டியலில் உள்ளவற்றை நீக்கிவிட்டுத் தொகுத்திருப்பதால், அந்தக் காலத்தில் இடம்பெறாத 'கம்ப்யூட்டர்' இங்கே கல்விசார் சொல்லாகிவிட்டது. இத்தகையவற்றை அன்கியில் நிறுத்தி வைத்துவிடலாம்.

எங்கள் துறைக்குப் புதிதாக வந்த தங்கை ஒருத்தி, "அக்கா, இதை மட்டும் படித்தால் ஐஇஎல்டிஎஸ் எழுதிவிடலாமா?" என்று வெளிநாடு செல்வோர் எழுதும் அந்த ஆங்கிலத் திறன் தேர்வைப் பற்றிக் கேட்டாள். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் வெளிநாட்டுப் படிப்புக்கும் செவிலியர் பணிக்கும் தயாராகிற பலருக்கும் இதே கேள்வி இருக்கும். வாசிப்புத் தாளுக்கும் கட்டுரைக்கும் நிச்சயம் உதவும்; கேட்பதற்கும் பேசுவதற்கும் தனிப் பயிற்சி வேண்டும். தேர்வுக்கு ஒரு மாதமே இருக்கிறது என்றால் 570-க்கும் ஆசைப்பட வேண்டாம். முதல் பகுதியின் 60 குடும்பங்களை எடுத்து, ஒவ்வொன்றையும் சொந்தமாக ஒரு வாக்கியத்தில் எழுதி, ஆங்கில ஆசிரியர் ஒருவரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.