என்எஃப்ஹெச்எஸ்-5 டேட்டா ரிவ்யூ: ரிசல்ட்டை விடுங்க, சாம்பிளைப் பாருங்க

ரத்தசோகை, குழந்தைங்க எடை, கழிப்பறைன்னு மாவட்ட வாரியா எதைப் பத்தி எழுதணும்னாலும் கடைசில எல்லாரும் வந்து நிக்கிறது தேசிய குடும்பநல ஆய்வுலதான் (சுருக்கமா என்எஃப்ஹெச்எஸ்). 2019-21ல எடுத்த அஞ்சாவது சுற்றோட டேட்டாவை ரொம்ப நாளா யூஸ் பண்றேன். நான் எடுத்தப்ப ரெஜிஸ்டர் பண்ணி எதுக்குன்னு எழுதிக் குடுத்ததும் ஃப்ரீயாக் கிடைச்சுது. ஆனா இதோட சாம்பிள் டிசைனை, அதாவது எந்த வீட்டுல போய்க் கேக்கறதுன்னு தேர்ந்தெடுக்கற முறையைப் பத்தி தமிழ்ல யாருமே பேசறதில்ல, எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சதே அதுதான்.

ஒவ்வொரு மாவட்டத்தையும் கிராமம் நகரம்னு பிரிச்சு, கிராமப் பக்கம் ஊர் எவ்ளோ பெருசு, எஸ்சி எஸ்டி மக்கள் எத்தனை சதவீதம்னு பாத்து இன்னும் ஆறு கூறாக்கி, அதுக்குள்ள பெண்கள் படிப்பறிவு விகிதப்படி ஊர்களை வரிசையா அடுக்கி, அப்புறம்தான் ஊரையே எடுக்கறாங்க. பெரிய ஊருக்கு வாய்ப்பு அதிகம், சின்ன ஊருக்குக் கம்மி. நகரத்துல ஊருக்குப் பதிலா சென்சஸ் பிளாக், அதாவது கணக்கெடுப்புக்காகப் பிரிச்ச சின்னப் பகுதி. எடுத்த இடத்துல வீடுகளைப் புதுசா லிஸ்ட் போட்டு (ரொம்பப் பெரிய ஊர்னா துண்டு பிரிச்சு ரெண்டு துண்டுல மட்டும்) அதுல சீரான இடைவெளில 22 வீடு. இப்படியே 707 மாவட்டம், 30,198 இடம், 6,36,699 வீடு!

லிஸ்ட்ல வந்த வீடு பூட்டியிருந்தா திரும்பத் திரும்பப் போகணும், பக்கத்து வீட்டுல கேட்டுட்டு வந்துடக் கூடாது. இந்த ஒரு ரூலுக்காகவே நான் இந்த சர்வேயை நம்பறேன். பகல்ல வீட்டுல இருக்கறவங்களாப் பாத்து சேத்துட்டே போனா வேலைக்குப் போற பெண்கள் சாம்பிள்ல இருந்தே காணாமப் போயிடுவாங்க, அப்புறம் எத்தனை லட்சம் வீடு எடுத்தும் பிரயோஜனமில்ல.

வெயிட் (சாம்பிள்ல வந்த ஒவ்வொருத்தரையும் கணக்குல எவ்ளோ பெருசா எடுத்துக்கணும்ங்கற எண்) போடாம தயவுசெஞ்சு சராசரி எடுக்காதீங்க. மாவட்டத்துக்கு ஒரு நம்பர் வேணும்ங்கறதுதான் இந்த டிசைனோட குறிக்கோள், அதனால மாவட்டத்துக்கு சராசரியா 900 வீடு, அங்க எத்தனை பேர் இருக்காங்கங்கறது ரெண்டாம்பட்சம். 2011 கணக்குப்படி 14 லட்சம் பேர்கூட இல்லாத அருணாச்சலப் பிரதேசத்துல 18,000 வீட்டுக்கு மேல எடுத்திருக்காங்க, 3 கோடிக்கு மேல இருக்கற கேரளாவுல 12,000 சொச்சம்தான். இதை அப்படியே கூட்டி வகுத்தா வர்றது இந்தியாவோட சராசரி இல்ல. பெண்கள் பேட்டி டேட்டா ஃபைல்ல வி005னு (v005) ஒரு நெடுவரிசை இருக்கும், அதைப் பத்து லட்சத்தால வகுத்து வெயிட்டாப் போடுங்க. கிளஸ்டரையும் (எடுத்த ஊர் இல்ல பிளாக்) ஸ்ட்ராட்டாவையும் (மாவட்டத்தைப் பிரிச்ச கூறு) சாஃப்ட்வேர்ல சொல்லிடுங்க, ஏன்னா ஒரே ஊர்ல இருக்கற 22 வீடு ஒரே தண்ணி ஒரே அங்கன்வாடின்னு ஒண்ணு மாதிரியே இருக்கும், சொல்லலன்னா பிழை வரம்பு இருக்கறதை விடக் குறைவாக் காட்டும்.

குறைன்னா ஊர் லிஸ்ட் 2011 சென்சஸ்ல இருந்து வருது. வீட்டு லிஸ்ட் புதுசுதான், ஆனா 2011ல கிராமம்னு இருந்து இப்ப டவுனா மாறின இடம் இன்னும் கிராமக் கணக்குலதான் இருக்கு. 2023ல இதை வச்சு, இந்த மாதிரி சர்வேக்கள் கிராமத்தை அதிகமாக் காட்டுது, நாட்டோட வளர்ச்சியைக் கம்மியாக் காட்டுதுன்னு பெரிய விவாதமே நடந்துச்சு. என் அபிப்பிராயம், தப்பு சாம்பிள் எடுத்தவங்க மேல இல்ல, 2019ல சர்வே ஆரம்பிச்சப்ப கடைசியா நடந்த சென்சஸ் 2011தான், அவங்க வேற எந்த லிஸ்ட்டை எடுப்பாங்க? மாவட்டங்களும் 2017 மார்ச் கணக்குதான், அதனால தென்காசி, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டைக்கெல்லாம் இந்தச் சுற்றுல தனி ஃபேக்ட்ஷீட் (முக்கிய நம்பர்கள் இருக்கற சுருக்க அறிக்கை) கிடையாது. திருநெல்வேலி நம்பரைத் தூக்கி தென்காசிக்குப் போடறவங்க கொஞ்சம் நிறுத்துங்க.

1,000 ஆணுக்கு 1,020 பெண்னு தலைப்புச் செய்தி வந்துச்சே, அதுவும் சாம்பிள் சமாச்சாரம்தான். முந்தின ராத்திரி அந்த வீட்டுல தங்கினவங்களைத்தான் எண்ணறாங்க, ஹாஸ்டல், ராணுவ முகாம், வேலை செய்யற சைட்லயே படுக்கறவங்க எல்லாம் வெளிய, அதுல ஆம்பளைங்கதான் ஜாஸ்தி. இதே சர்வேல பிறக்கற குழந்தைங்கள்ல 1,000 ஆணுக்கு 929 பெண்னு இருக்கு, அதைப் பாத்தா கவலையாத்தான் இருக்கு.

ஆண்கள் பேட்டி, குடும்ப வன்முறைக் கேள்வியெல்லாம் 15 சதவீத வீட்டுல மட்டும்தான், மாநில அளவுக்குத்தான் தாங்கும். மாவட்ட ஃபேக்ட்ஷீட்ல நம்பர் பிராக்கெட்டுக்குள்ள இருந்தா 25ல இருந்து 49 பேரை மட்டும் வச்சு வந்ததுன்னு அர்த்தம், ஸ்டார் மட்டும் இருந்தா அதுக்கும் கம்மின்னு நம்பரையே மறைச்சுட்டாங்க. தெரியாததைத் தெரியலன்னு சொல்ற இந்த நேர்மைக்கும் சேத்து அஞ்சுக்கு நாலரை ஸ்டார். மாவட்ட அளவுல வேலை பாக்கறவங்க, ஆய்வு மாணவர்கள் தாராளமா எடுக்கலாம், வார்டு வாரியா பஞ்சாயத்து வாரியா கணக்கு வேணும்னு வர்றவங்களுக்கு இது ஆகாது.