‘டெத் மேக்னெட்டிக்’: சிடியா, வைனலா, கிட்டார் ஹீரோவா?

அமெரிக்க ஹெவி மெட்டல் குழு மெட்டாலிகாவின் ‘டெத் மேக்னெட்டிக்’ ஆல்பம் 2008 செப்டம்பர் 12 அன்று வெளியானது. பாட்டுகளைப் பற்றி அதிகம் சண்டை இல்லை. ஸ்நேர் டிரம் தகர டப்பாவாக ஒலித்த முந்தைய ஆல்பம் ‘செயிண்ட் ஆங்கர்’ (2003) விட்டுப்போன கசப்புக்குப் பிறகு, தயாரிப்பாளர் பாப் ராக்கை விட்டு ரிக் ரூபினிடம் போய், எண்பதுகளின் வேகத்துக்குத் திரும்பியிருந்தார்கள். அமெரிக்காவில் மூன்றே நாளில் சுமார் 4,90,000 பிரதிகள் விற்று முதலிடம் பிடித்தது. ரசிகர்கள் கொதித்ததெல்லாம் ஒலியைப் பார்த்துத்தான். மறுபடி மிக்ஸ் செய்யச் (தனித்தனித் தடங்களைக் கலந்து ஒரே பாட்டாக்குவது) சொல்லி எழுந்த மனுவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள்.

எந்தப் பதிப்பைக் கேட்பது என்று கேட்டால், என் ஓட்டு ‘கிட்டார் ஹீரோ’ வீடியோ விளையாட்டுக்காகக் கொடுக்கப்பட்ட பதிப்புக்கு.

சிடியில் என்ன கோளாறு? 16 பிட் ஒலியில் ஓர் அலை தொடக்கூடிய உச்ச எண் 32,767. அதற்கு மேல் தள்ளினால் அலையின் முகடு கத்தியால் சீவியதுபோலத் தட்டையாகிவிடும். காதுக்கு அது கரகரப்பு. டிரம் அடியின் முதல் அதிர்வுதான் பாட்டிலேயே உயரமான முகடு என்பதால் முதல் வெட்டும் அதற்கே விழுகிறது. ‘தொம்’ என்று விழ வேண்டிய அடி ‘சர்ர்’ என்று சிதறுகிறது. ஏற்ற இறக்கத்தை அளக்கும் டி.ஆர். மீட்டரில் சிடிக்குக் கிடைப்பது 3 அளவில். கிட்டார் ஹீரோ பதிப்புக்கு 12 வாக்கில்.

தீர்ப்பைத் தீர்மானிப்பது வெட்டு எந்தக் கட்டத்தில் விழுந்தது என்பதுதான். மாஸ்டரிங் (மிக்சுக்குப் பிறகு வெளியீட்டுக்கான கடைசி ஒலிச் சீரமைப்பு) செய்த டெட் ஜென்சன் மீது முதலில் எல்லோரும் பாய்ந்தார்கள். தன் கைக்கு வரும் முன்பே மிக்ஸ்கள் நசுங்கியிருந்தன என்று அவர் சொன்னார். ஆக, பழுது மிக்சிங் மேசையிலேயே விழுந்துவிட்டது. அந்த மேசையைத் தாண்டி வந்த எதுவும், எந்த வடிவத்தில் வந்தாலும், அதே தழும்போடுதான் வரும்.

வைனல் இசைத்தட்டு வாங்கித் தப்பிக்கலாம் என்ற யோசனை இங்கேதான் அடிபடுகிறது. நிமிடத்துக்கு 45 சுற்று வேகத்தில் ஐந்து தட்டுகள் கொண்ட பெட்டியாகவும் இந்த ஆல்பம் வந்தது; அட்டையும் அச்சும் அழகு. ஆனால் டி.ஆர். மீட்டர் வைனலுக்கு அதிக எண்ணைக் காட்டுவதை நம்ப வேண்டாம். தட்டில் வெட்டி ஊசியில் எடுக்கும்போது தட்டையான முகடுகள் சற்றுச் சாய்ந்து வளைகின்றன; மீட்டர் அதைப் புது உயரம் என்று எண்ணிவிடுகிறது. கரகரப்பு போவதில்லை. சேகரிப்பவர்களுக்குச் சரி, காதுக்காக வாங்குபவர்களுக்கு வீண் செலவு.

விளையாட்டுக்கு மட்டும் கிட்டார், பேஸ், டிரம்ஸ், குரல் எனத் தடங்கள் தனித்தனியாகத் தேவைப்பட்டன. வாசிப்பவர் ஒரு சுரத்தைத் தவறவிட்டால் கிட்டார் தடம் மட்டும் மௌனமாக வேண்டும் அல்லவா? அதனால் கடைசி நசுக்கலுக்கு முந்தைய ஒலி வெளியே வந்துவிட்டது. இதில் ஸ்நேருக்கு உடல் இருக்கிறது, குழுவின் பேஸ் கலைஞர் ட்ருஹியோவின் வாசிப்பு தனியாகக் கேட்கிறது, அமைதியான இடத்துக்கும் ஆவேசத்துக்கும் நடுவே தூரம் இருக்கிறது. குறைகளும் உண்டு. குழு முடித்துக் கொடுத்த மிக்ஸ் அல்ல இது; கிட்டார்கள் கொஞ்சம் வறண்டிருக்கும், சமநிலையும் வேறு. கோப்பும் அளவைக் குறைக்கச் சுருக்கப்பட்டது (அந்தச் சுருக்கம் வேறு, முகட்டை நசுக்கும் சுருக்கம் வேறு, இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்). இந்த விளையாட்டு ஓடும் எக்ஸ்பாக்ஸ் 360 கருவியின் இணையக் கடை 2024 ஜூலையில் மூடப்பட்டுவிட்டதால் முன்பே இறக்கி வைத்தவர்களுக்குத்தான் சுலபம். இணையத்தில் சுற்றும் நகல்கள் ரசிகர்கள் உருவி எடுத்தவை, அதிகாரபூர்வமானவை அல்ல.

அந்த வழி வேண்டாம் என்பவர்களுக்கு 2015-இல் ஐடியூன்சுக்காக வந்த மறுமாஸ்டர். மிக்சின் தழும்பு இதில் முழுக்கப் போயிருக்காது; ஆனாலும் சிடியைவிட மூச்சுவிடும் ஒலி, குழுவின் முறையான மிக்ஸ். இப்போது காசு கொடுத்து வாங்குவதென்றால் இதுதான்.

கையில் இருக்கும் சிடியை அடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் சரிசெய்யப் பார்ப்பவர்கள் ‘கிளிப் ஃபிக்ஸ்’ கருவியின் 95 சதவீத வாசலை (எந்த உயரத்துக்கு மேல் வெட்டு என்று கருத வேண்டும் என்ற எல்லை) அப்படியே விட்டால் பல வெட்டுகள் தப்பிவிடும். மிக்சில் தட்டையான முகடு, பிறகு மாஸ்டரிங்கில் மட்டம் மாறி உச்சத்துக்குக் கீழே இருக்கலாம். வாசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, மீட்கும் முகடுகளுக்கு மேலே சில டெசிபல் இடம் விட வேண்டும். அப்போதும் கிடைப்பது ஊகம்தான்.

ஒப்பிட ‘தி டே தட் நெவர் கம்ஸ்’ பாட்டின் பிற்பாதி போதும். சிடியின் சத்தத்தைக் குறைத்து இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்த பிறகே கேளுங்கள். இல்லாவிட்டால் அதிகம் கத்துவதுதான் முதல் நிமிடத்தில் நன்றாக இருப்பதாகத் தோன்றும்.