கூட்ட நேரம் குறிக்க: வாக்கெடுப்பா, கட்டமா?

குழுக் கூட்டத்துக்கு நேரம் குறிக்கும் திறமூலச் செயலியைத் திட்டமிடுவோர் முதலில் தீர்மானிக்க வேண்டியது இதுதான்: ஃபிரமாடேட் என்ற இணையச் செயலி போல நாலைந்து நேரங்களை முன்வைத்து வாக்குக் கேட்பதா, கிராப் ஃபிட் என்ற செயலி போல வாரத்தையே கட்டங்களாக விரித்து, அவரவருக்கு வசதியான நேரத்தை நிரப்பச் சொல்வதா?

வாக்கெடுப்பு எளிது. ஆம், இல்லை, முடிந்தால் வரலாம் என மூன்றே பதில்கள். முன்வைத்த நேரம் எதுவும் ஒத்துவராவிட்டால்தான் எல்லோரையும் மறுபடி கேட்க வேண்டியிருக்கும்.

கட்டத்தில் அந்தத் தொல்லை இல்லை. பொதுவான நேரம் அடர்நிறத்தில் தானே தெரிந்துவிடும். ஆனால் காலை 9 முதல் மாலை 6 வரை, அரைமணி வீதம், 7 நாளுக்கு 126 கட்டங்கள்! கைபேசியில் விரலை இழுத்தால் கட்டம் தேர்வாக வேண்டுமா, பக்கம் நகர வேண்டுமா? திரைவாசிப்பானை நம்பியிருக்கும் பார்வையற்றவர் அத்தனையையும் ஒவ்வொன்றாகக் கடக்க வேண்டுமா? இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்குவது அநியாயம்.

நேர மண்டலமும் கட்டத்தைத்தான் அதிகம் படுத்துகிறது. குளிர்காலத்தில் லண்டனில் காலை 9 மணி என்றால் சென்னையில் பிற்பகல் 2.30, காத்மாண்டுவில் 2.45. அரைமணிக் கட்டம் நேபாளத்துக்குப் பொருந்தாது. கால்மணியாக்கினால் 252 கட்டங்கள்.

இரண்டு மூன்று தன்னார்வலர்களே எழுதும் செயலி என்றால் வாக்கெடுப்பிலேயே தொடங்குங்கள். நேரத்தை எந்த ஊரையும் சாராத உலகப் பொது நேரத்தில் (UTC) சேமித்துவைத்தால், கட்டத்தைப் பின்னால் சேர்ப்பதும் கடினமல்ல.