பிராசஸ் பிரிண்ட்ல சுத்தமான கிரே: ஹெவி ஜிசிஆர் ரொம்ப நாளா ஓட்டின அனுபவம்

திருப்பூர்ல டேபிள் பிரிண்ட் (மேஜைல துணிய வெச்சு ஸ்கிரீன்ல அடிக்கறது) ஓட்டுறவங்களுக்கு தெரியும், சயான்ங்கற நீலம், மெஜந்தாங்கற ரோஸ், மஞ்சள், கருப்புனு நாலு கலர் பிராசஸ்ல சிவப்பு, பச்சை எல்லாம் எப்படியோ ஒப்பேத்திடலாம், ஆனா பாறை, ரோடு, பிளாக் அண்ட் ஒயிட் போட்டோன்னு டிசைன் வந்தா அன்னிக்கு பூரா தலைவலிதான். காலைல ஓகே ஆன பீஸையும் மத்தியானம் அடிச்சதையும் பக்கத்துல வெச்சா ஒண்ணு பிரவுன் அடிக்கும், இன்னொண்ணு பச்சை அடிக்கும்.

கருப்பு தவிர மத்த மூணு கலரையும் சமமா போட்டா கிரே வராதுங்க. சயான் இங்க் சிவப்பு வெளிச்சத்த முழுசா உறிஞ்சாது, மெஜந்தாலயும் கொஞ்சம் மஞ்சள் வாடை இருக்கும், அதான் பிரவுன். பேப்பர்ல அடிக்கற ஆஃப்செட்ல 50 சதவீதம் சயானுக்கு 40 மெஜந்தா, 40 மஞ்சள்னு ஒரு கணக்கு உண்டு, அத அப்படியே துணிக்கு தூக்கிட்டு வந்தா வேலைக்காகாது, துணில டாட் கெயின், அதாவது அடிச்ச புள்ளி பரவி பெருசாகறது, எகிறும், அதுவும் நாலு ஸ்கிரீன்லயும் ஒரே மாதிரி எகிறாது. இதுல தண்ணி பேஸ் இங்க்னா வெயில் நேரத்துல சின்ன டாட் எல்லாம் காஞ்சு அடைச்சுக்கும், சயான் அடைச்சா கிரே செவந்துடும், மெஜந்தா அடைச்சா பச்சை.

அதனால போட்டோஷாப்ல கஸ்டம் சிஎம்ஒய்கே போய் ஜிசிஆர் (மூணு கலர் சேந்து வர்ற கிரேய கருப்புக்கு மாத்தற செட்டிங்) ஹெவி வெச்சுதான் ஸ்கிரீனுக்கு ஃபிலிம் எடுக்கறேன். கிரே பெரும்பாலும் கருப்பு ஸ்கிரீனுக்கு போயிடும், மத்த மூணும் ஆடினாலும் பெருசா தெரியாது. டாட் கெயின் அதுல 20 சதவீதம்னு இருக்கும், அது பேப்பருக்கு. நம்ம டேபிள்ல ஸ்டெப் வெட்ஜ் (லைட்லேர்ந்து டார்க் வரைக்கும் படிப்படியா இருக்கற பட்டை) அடிச்சு பாத்து நான் 35 கிட்ட வெச்சிருக்கேன், உங்களுக்கு வேற வரும். பையர் லைட் பாக்ஸ்ல டி65 (பகல் வெளிச்சம்), டிஎல்84 (கடை டியூப்லைட்)னு மாத்தி மாத்தி பாக்கறப்பவும் இந்த கிரே அவ்வளவா மாறாது, எனக்கு பெரிய நிம்மதி அதுதான்.

மைனஸ் இல்லாம இல்ல. 120 மெஷ் (சென்டிமீட்டருக்கு 120 இழை), 55 எல்பிஐல (இன்ச்சுக்கு 55 வரிசை டாட்) லைட் ஏரியால கருப்பு டாட் மிளகுத்தூள் தூவின மாதிரி தெரியும், முகம் இருக்கற டிசைனுக்கு ஹெவி போடவே கூடாது, மீடியம் இல்ல லைட்தான். டார்க் ஏரியா வெளுத்து நின்னா யுசிஏ (டார்க்ல மட்டும் மூணு கலரையும் கொஞ்சம் திரும்ப சேக்கற செட்டிங்) 10, 15 சதவீதம் குடுங்க. வெறும் லோகோ கிரேக்கு பிராசஸே வேண்டாம், முன்னாடியே கலந்து வெச்ச கிரே இங்க்குக்கு தனியா ஒரு ஸ்பாட் ஸ்கிரீன் போட்டுடுங்க, கருப்பும் வெள்ளையும் கலந்தா லேசா நீலம் அடிக்கும், கொஞ்சூண்டு ஆரஞ்ச் விட்டா சரியாயிடும்.