8086 என்ற பெயருக்காக வாங்கிய பிராசசர்: ஏழு வருடம் கழித்து

2018 செப்டம்பரில் மாமா பையன் அமெரிக்காவிலிருந்து வந்தபோது அவன் சூட்கேஸில் என் அம்மாவுக்கு மூட்டுவலி மாத்திரையும் எனக்கு ஒரு சின்ன நீலப் பெட்டியும் இருந்தன. இரண்டுக்கும் பணம் அனுப்பியவன் நான்தான். மாத்திரையின் விலையை அம்மா கேட்டார், சொன்னேன். நீலப் பெட்டியின் விலையை வீட்டில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

உள்ளே இருந்தது இன்டெல் கோர் ஐ7-8086கே. இன்டெல்லின் பழைய 8086 பிராசசர் 1978 ஜூன் 8-ஆம் தேதி வெளிவந்தது. அதன் நாற்பதாம் ஆண்டுக்காக இன்டெல் மொத்தம் 50,000 மட்டும் விட்ட நினைவுப் பதிப்பு இது. அறிவித்த விலை 425 டாலர். இதன் உடன்பிறப்பான ஐ7-8700கே அப்போது 359 டாலர். இரண்டுக்கும் ஆறு கோர் (கணக்குப் போடும் பகுதி), பன்னிரண்டு திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்), 12 எம்பி கேஷ் (உள் நினைவகம்), 95 வாட். ஒரே சாக்கெட்டில்தான் இரண்டும் உட்காரும். பெயரும் கிளாக் வேகமும் மட்டும் வேறு.

இந்த மாதிரி லிமிடெட் எடிஷன் வாங்கலாமா என்று என்னிடம் கேட்டவர்களுக்கெல்லாம் வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் எல்லாரும் 'அப்போ நீங்க ஏன் வாங்கினீங்க?' என்றும் கேட்டார்கள்.

தமிழ்நாட்டில் எலக்ட்ரானிக்ஸோ கம்ப்யூட்டர் சயின்ஸோ படித்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. மைக்ரோபிராசசர் லேப், பச்சை போர்டில் ஹெக்ஸ் கீபேட், ஒரு சின்ன டிஸ்ப்ளே. நாலைந்து பேருக்கு ஒரு 8086 பயிற்சிக் கிட். ஒருவன் ரெக்கார்ட் நோட்டைப் பார்த்து ஆப்கோடு (கட்டளையின் எண்) வாசிப்பான், இன்னொருவன் அழுத்துவான். ஒரு எண் தவறினாலும் விடை வராது, மறுபடி முதலிலிருந்து. 16-பிட் பிராசசர் எப்படி 1 எம்பி நினைவகத்தைத் தொடுகிறது என்று வைவாவில் கேட்பார்கள். செக்மென்ட்டை நாலு பிட் இடப்பக்கம் தள்ளி ஆஃப்செட்டைக் கூட்டினால் 20 பிட் என்று தூக்கத்திலும் சொல்வோம். நான் முதன்முதலாக ஒரு இயந்திரத்துக்கு நேரடியாகக் கட்டளை கொடுத்தது அந்தச் சிப்புக்குத்தான். அந்த எண்ணைப் பெயராகக் கொண்டு புதிதாக ஒன்று வருகிறது என்றதும் கை துறுதுறுத்தது. போதாததற்கு, முதல் 8086 ஓடியது 5 மெகாஹெர்ட்ஸில், இது 5 கிகாஹெர்ட்ஸில். சரியாக ஆயிரம் மடங்கு! விளம்பரம் எழுதியவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

அந்த 5 கிகாஹெர்ட்ஸைத்தான் கொஞ்சம் கிளறிப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு கோர் மட்டும் வேலை செய்யும்போதுதான் அந்த வேகம். இரண்டாவது கோர் விழித்துக்கொண்டால் 8700கே-யின் வேகத்துக்கே இறங்கிவிடும். ஆறும் ஓடினால் இரண்டு சிப்பும் 4.3தான். சரி, ஒரு கோர் மட்டும் ஓடுவது எப்போது? விண்டோஸ் திறந்திருக்கும் கணினியில் பின்னணியில் ஏதாவது ஒன்று எப்போதும் உருட்டிக்கொண்டிருக்கும். வாங்கிய முதல் வாரம் கிளாக் காட்டும் மென்பொருளை ஓரத்தில் திறந்து வைத்துக்கொண்டு, 5.0 வருமா என்று மீன் தூண்டிலைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரும். கண் சிமிட்டினால் போய்விடும். ஒரு கோர் வேகம் 8700கே-யில் 4.7. அதாவது ஆறு சதவீத வேகத்துக்குப் பதினெட்டு சதவீதம் கூடுதல் விலை, அன்றைய டாலர் மதிப்பில் நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு மேல்.

என் வேலை பெரும்பாலும் கோடு கம்பைல் செய்வது. எங்கள் புராஜெக்டை முழுதாகக் கட்ட என் வீட்டில் பதினெட்டு நிமிடம். 8700கே வைத்திருந்த அலுவலக நண்பர் வீட்டிலும் பதினெட்டு நிமிடம். அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். 'என்கிட்டயும் எல்லா கோரும் 4.8ல ஓடுது' என்று அவர் சொன்ன அன்றுதான் நானும் ஓவர்கிளாக் செய்ய, அதாவது சிப்பை அதற்கு நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்ட, உட்கார்ந்தேன்.

நினைவுப் பதிப்பு என்றால் பொறுக்கி எடுத்த சிப்பாக இருக்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. ஓரளவுக்கு உண்மைதான், ஒரு கோரில் 5.0 தாங்காத சிப்புக்கு இந்தப் பெயர் கிடைக்காது. ஆனால் சிலிக்கனுக்கும் மேல் மூடிக்கும் நடுவில் இன்டெல் தடவியிருந்தது 8700கே-யில் இருந்த அதே வெப்பம் கடத்தும் பேஸ்ட்தான். நாற்பதாண்டு விழா கொண்டாடுகிறவர்கள் மூடியைச் சால்டர் செய்து கொடுத்திருக்கலாம். என் அறை சென்னையில் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிறது. மே மாதம் ஏசி போடாவிட்டால் உள்ளே 35 டிகிரி. ஆறு கோரையும் 5.0-இல் ஓடவிட்டால் சில நிமிடத்தில் 95-ஐத் தாண்டி, சிப்பு தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. கூலரை மாற்றினேன், ஃபேன் கூட்டினேன். கடைசியில் 4.8-இல் நிறுத்தினேன், நண்பர் நின்ற அதே இடத்தில்.

வாரண்டி மூன்று வருடம். அது முடிந்த பிறகு, 2021 கடைசியில், மூடியைக் கழற்றி அந்தப் பேஸ்ட்டுக்குப் பதில் லிக்விட் மெட்டல் போட்டேன். கருவி இரவல். கழன்று வரும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது, உயிர் போய் உயிர் வந்தது. வெப்பம் பதினைந்து டிகிரி இறங்கியது. இதையும் 8700கே-யில் செய்திருக்கலாம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கெல்லாம் முன்பே, நான் வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், 2018 அக்டோபரில் இன்டெல் ஐ9-9900கே-யை அறிவித்துவிட்டது. எட்டு கோர், பதினாறு திரெட், அதே 5.0, மூடி சால்டர் செய்தது. பயாஸ் அப்டேட் செய்தால் என் மதர்போர்டிலேயே உட்காரும். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சம் அதிகம்தான், ஆனால் அப்புறம் பின்னோக்கிப் பார்த்தபோது ஒன்று பிடிபட்டது. இன்டெல்லின் போட்டியாளரான ஏஎம்டி 1969-இல் தொடங்கிய கம்பெனி. ஐம்பதாம் ஆண்டுக்கு 2019 ஏப்ரல் கடைசியில் ரைசன் 7 2700எக்ஸ் கோல்ட் எடிஷன் விட்டார்கள், விலை 329 டாலர். ஜூலை 7-ஆம் தேதி அதே 329 டாலருக்கு அடுத்த தலைமுறையின் 3700எக்ஸ் கடைக்கு வந்தது. கோல்ட் எடிஷன் வாங்கியவர்கள் பத்து வாரம்தான் அசல் மிடுக்கோடு இருந்திருப்பார்கள். புது தலைமுறை வரும்போது விளம்பரத்துக்கு வேறு சரக்கு தேவைப்படாது. விழா வைப்பது, இருக்கிற சரக்கு பழசாகத் தொடங்கும் நேரத்தில்தான்.

அந்தக் கோல்ட் எடிஷனின் மூடியில் ஏஎம்டி தலைவர் லிசா சூவின் கையெழுத்தை லேசரால் பொறித்திருந்தார்கள். பார்க்க அழகாகவே இருந்தது. ஆனால் பிராசசரை போர்டில் வைத்ததும் முதலில் என்ன செய்வோம்? அந்தக் கையெழுத்தின் மேல்தான் தெர்மல் பேஸ்ட்டைப் பிதுக்குவோம், அதன் மேல் ஒரு கிலோ கூலரை வைத்துத் திருகுவோம். கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு மேலே போர்வையைப் போர்த்திக்கொள்வது மாதிரி. கிராஃபிக்ஸ் கார்டில் சிறப்புப் பதிப்பு விட்டால் கண்ணாடிப் பக்கத்தின் வழியே தெரியவாவது செய்யும். பிராசசரை இயங்கும் நிலையில் பார்க்கவே முடியாது. பார்க்க வேண்டுமென்றால் பிரிக்காமல் அலமாரியில் வைக்க வேண்டும், வேலை வாங்க வேண்டுமென்றால் சாதாரணத்தை வாங்கினால் போதும்.

என்னைப் பொறுத்தவரை இந்த வகையில் ஒன்றே ஒன்று விலைக்கு நியாயம் செய்தது: 2014-இல் பென்டியம் என்ற பெயருக்கு இருபதாண்டு என்று வந்த பென்டியம் ஜி3258. விலை 72 டாலர். இரண்டு கோர், 3.2 கிகாஹெர்ட்ஸ். அந்த விலையில் இன்டெல் எப்போதும் பூட்டியே வைத்திருக்கும் மல்டிபிளையரை (கிளாக் வேகத்தை ஏற்றும் அமைப்பை) இதில் திறந்துவிட்டிருந்தார்கள். பணக்காரர்களின் விளையாட்டாக இருந்த ஓவர்கிளாக்கிங்கைக் காலேஜ் பையன்களும் தொட்டுப் பார்க்க முடிந்தது. அக்கா மகனுக்கு அதை வைத்து ஒரு கணினி கட்டிக் கொடுத்தேன். பெட்டியோடு வந்த கூலரிலேயே 4.2 ஓடியது. நாலு திரெட் இல்லாமல் திறக்கவே மாட்டேன் என்று சில கேம்கள் அடம்பிடித்தது உண்மை, அவனும் ஒரு வருடத்தில் ஐ5 கேட்டான். ஆனாலும் அந்தச் சிப்பில் விழாவுக்கென்று உள்ளே ஒன்று வைத்திருந்தார்கள். என்னுடையதில் வெளியே ஒரு பெயர் மட்டும்.

வம்புக்கு ஒன்று. இன்டெல் 8086கே-யில் 8,086 சிப்புகளைக் குலுக்கலில் இலவசமாகக் கொடுத்தது, இந்தியாவுக்கு அதில் இடமில்லை. ஏஎம்டி சும்மா இருக்குமா? அமெரிக்காவில் குலுக்கலில் வென்றவர்களில் நாற்பது பேருக்கு, அதைக் கொடுத்துவிட்டுத் தன் பதினாறு கோர் பிராசசரான திரெட்ரிப்பர் 1950எக்ஸ் வாங்கிக்கொள்ளலாம் என்று அறிவித்தது. பழைய 8086-ஐ இன்டெல்லின் உரிமத்தோடு செய்துகொடுத்த கம்பெனிகளில் ஏஎம்டியும் ஒன்று என்பதை நினைத்தால் இன்னும் சிரிப்பு வரும்.

ஏழு வருடத்தில் சிப்பு ஒரு நாளும் தகராறு செய்யவில்லை. மண்டையைப் போட்டது மதர்போர்டு, 2022 மழைக்காலத்தில். அப்போது கடைகளில் புது போர்டெல்லாம் அடுத்தடுத்த சாக்கெட்டுக்குப் போய்விட்டன. ரிச்சி தெருவில் இரண்டு நாள் அலைந்து, மூன்றாவது கடையில் 'சிப்பு என்னங்க?' என்றவரிடம் எட்டாயிரத்து எண்பத்தாறு என்றேன். உள்ளே போய் ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து, காலேஜ் கிட்டில் போடுகிற நாற்பது கால் 8086-ஐ எடுத்துக் காட்டினார். தலையாட்டிவிட்டு அதையும் ஒன்று வாங்கிக்கொண்டேன், சில நூறு ரூபாய்தான். போர்டு வேறொரு கடையில் செகண்ட் ஹேண்டில் கிடைத்தது. லிமிடெட் எடிஷனுக்கென்று தனி ஆயுள் கிடையாது, அது உட்காரும் சாதாரண போர்டு கிடைக்கும் வரைதான்.

விண்டோஸ் 11 விஷயத்தில் தப்பித்தேன். எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்போம் என்று மைக்ரோசாஃப்ட் சொன்னபோது என் சிப்பு வாசற்படியில் நின்றது. 2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்றபோதும் கணினியை மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற பாதுகாப்பு ஓட்டைகளுக்கு வந்த அடைப்புகளால் கம்பைல் நேரம் கொஞ்சம் ஏறியது. அதற்கும் நினைவுப் பதிப்பு என்று சலுகை இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பரணில் ரெக்கார்ட் நோட் கிடைத்தது. பெண்டிரைவில் ஃப்ரீடாஸ் (பழைய டாஸ் மாதிரியான இயங்குதளம்) போட்டு, பயாஸில் லெகசி பூட்டைத் திறந்து, டீபக் என்ற புரோகிராமில் உட்கார்ந்து அன்று கிட்டில் அழுத்திய அதே பைட்டுகளை அடித்தேன். பி8-இல் தொடங்கும் இரண்டு எண் கூட்டல், கடைசியில் நிறுத்தும் வரியை மட்டும் டாஸுக்கு ஏற்ப மாற்றினேன். விடை வந்தது. ஒரே முயற்சியில்! மின்சாரம் வந்த கணத்தில் இந்த வம்சத்துப் பிராசசர் இன்றும் 16-பிட் 8086 மாதிரிதான் கண் விழிக்கும், பிறகுதான் வளர்ந்த பிள்ளையாகும். 8700கே-யும் இதையேதான் செய்யும். நீங்கள் இதை வாசிக்கும் லேப்டாப்பிலேயே செய்து பார்க்க முடியலாம். எனக்கு அது 8086 என்ற பெயருள்ள சிப்பில் ஓட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். 8700கே-யைவிடக் கூடுதலாகக் கொடுத்த அந்த 66 டாலருக்கு நான் சொல்லக்கூடிய ஒரே கணக்கு இது.

செகண்ட் ஹேண்டில் ஒன்று கண்ணில் பட்டால் 8700கே விலைக்கு மேல் ஐந்நூறு ரூபாய் கொடுக்கலாம். அதற்கு மேல் கேட்டால் நகர்ந்துவிடுங்கள். மூடி திறந்ததா, எத்தனை வோல்ட்டில் ஓட்டினார்கள் என்று கேளுங்கள். சேகரிப்புக்கு என்றால் பெட்டியோடு, சீல் உடைக்காமல் வாங்குங்கள், ஆனால் அதற்குள் ஆசையை அடக்கும் தைரியம் வேண்டும். என்னுடையதைக்கூடப் போன மாதம் ஒருவர் கேட்டார், பெட்டி இருந்தால் நல்ல விலை தருவதாகச் சொன்னார். பெட்டியை 2020 போகிக்கு முந்தின நாள் பரணைச் சுத்தம் செய்த மனைவி, அட்டைப்பெட்டிகளோடு சேர்த்துப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார். கிலோ எட்டு ரூபாய்.