மேஷோ கல்லறைச் சுற்றுலா: வன்னியில் இருந்து போகிறவர்களுக்கு

பிள்ளைகளைப் பார்க்க ஸ்கொட்லாந்து போகிற எங்கள் ஆட்கள் எடின்பரோ கோட்டைக்கு முன்னால் நின்று படம் எடுத்துவிட்டுக் கிளிநொச்சிக்குத் திரும்பி விடுகிறார்கள். இன்னும் வடக்கே போய் ஸ்க்ராப்ஸ்ரரில் கப்பல் ஏறினால் ஒன்றரை மணித்தியாலத்தில் ஓர்க்னித் தீவுகள். அங்கேதான் மேஷோ இருக்கிறது, கிட்டத்தட்ட 5000 வருடப் பழைய கல்லறை.

முதலில் ஒன்று: முழங்கால் வருத்தம் உள்ளவர்கள் யோசித்துப் போங்கள். உள்ளே போகும் வழி பத்து மீற்றருக்கு மேல் நீளம், நிமிர முடியாது, முதுகை நன்றாக வளைத்துத்தான் நடக்க வேண்டும். என் மனைவி பாதியில் முருகனைக் கூப்பிடத் தொடங்கி விட்டார்.

முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். ஸ்ரென்னஸில் உள்ள வரவேற்பு நிலையத்தில் இருந்து அவர்களுடைய பஸ்ஸிலேயே கூட்டிப் போகிறார்கள், கூடவே வழிகாட்டியும் வருவார். வெளியில் இருந்து பார்த்தால் 7 மீற்றர் உயரத்தில் ஒரு புல்மேடு, அவ்வளவுதான், இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் என்று இருக்கும். உள்ளே நிமிர்ந்ததும் அந்த நினைப்புப் போய்விடும். நாலரை மீற்றர் சொச்சம் சதுர அறை, மூன்று பக்கமும் சின்ன அறைகள், தட்டைக் கற்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே போகப்போக ஒவ்வொரு வரியையும் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தே கூரையை நெருக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். சாந்து கிடையாது. எங்கள் ஒழுங்கையில் சீமெந்து கொட்டிக் கட்டின மதகு இரண்டு மாரிக்குத் தாக்குப்பிடிக்கவில்லை. புத்தளத்துப் பொன்பரிப்பில் தாழிகளில் ஆட்களைப் புதைத்ததுகூட இதற்கு இரண்டாயிரம் வருடத்துக்கும் மேல் பிந்தித்தான்.

அந்த அம்மா, வழிகாட்டியைத்தான் சொல்கிறேன், ரோர்ச் லைற்றைச் சுவரில் சரித்துப் பிடித்தபோதுதான் கீறல்கள் தெரிந்தன. 12ஆம் நூற்றாண்டில் நோர்ஸ்காரர், அதாவது நோர்வேப் பக்கத்து வைக்கிங் வழிவந்தவர்கள், உள்ளே புகுந்து முப்பதுக்கு மேற்பட்ட இடங்களில் ரூன் என்ற தங்கள் பழைய எழுத்தில் கிறுக்கி வைத்திருக்கிறார்கள். இங்கிகேர்த் என்ற பெண்தான் எல்லாரிலும் அழகி என்று ஒருவன், இதை உயரத்தில் செதுக்கினது நான்தான் என்று இன்னொருவன். இங்கே இருந்த புதையல் போய்விட்டது என்றும் எழுதியிருக்கிறது. காட்டுக்குள் இடிந்து கிடக்கிற கோயில்களில் இரவில் தோண்டுகிறவர்களை அறிந்த எங்களுக்கு அது ஒன்றும் புதினம் இல்லை. 1861இல் ஆராய வந்த ஃபாரர் என்பவரும் மேலே உடைத்துத்தான் இறங்கினார், அதனால் உச்சிக் கூரை பிற்காலத்தது, வெள்ளையாகத் தனியே தெரிகிறது. அவருக்குக் கிடைத்த மனித எலும்பு ஒரு மண்டையோட்டுத் துண்டு.

மார்கழியில் போகக்கூடியவர்கள் அப்போதே போங்கள். டிசம்பர் 21ஐ ஒட்டிய நாட்களில் மறைகிற சூரியனின் வெளிச்சம் அந்த வழியாலேயே வந்து பின்சுவரில் விழுமாம். நாங்கள் போனது கோடையில். கோடை என்று பெயர்தான்.

பக்கத்தில் இரண்டு ஏரிகளுக்கு நடுவே பிரொட்கர் கல்வட்டம், 104 மீற்றர் அகலம், முதலில் 60 கல் இருந்ததாம், இப்போது 36. அதற்குக் காசு வாங்குவதில்லை. பாலை மரமும் முதிரை மரமும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு மரமே இல்லாத அந்த வெளி ஒரு மாதிரி இருந்தது, காற்று அப்படியே ஆளைத் தள்ளும். 1850இல் ஒரு புயல் மண்ணை அள்ளிப் போனதால் வெளிப்பட்ட ஸ்காரா பிரே கிராமத்தையும் விடாதீர்கள், கட்டில்கூடக் கல்லில்தான்.

ஒரு நாள் பஸ் சுற்றுலா விற்கிறவர்களிடம் கவனம். நாங்கள் காசு கட்டின ஒன்றில் கல்வட்டத்துக்கு அருந்தலாகத்தான் நேரம் தந்தார்கள், மேஷோவை ஜன்னலால் காட்டிவிட்டு ஓட்டிக்கொண்டு போனார்கள். பிறகு மருமகன் தனியாகப் பதிவு செய்துதான் உள்ளே போனோம்.

ஐந்துக்கு நாலரை. உள்ளே இன்னும் ஒரு பத்து நிமிடம் நிற்க விட்டிருந்தால் அந்த அரையையும் கொடுத்திருப்பேன்.